மிரட்டிச் செய்ய வைத்த மோசடி: இங்கிலாந்தில் எப்படி, நம்மிடம் எப்படி?

மன்னார்குடிப் பக்கத்துப் பையன் ஒருவன், குறுவை கைவிட்ட வருஷம், டேட்டா என்ட்ரி வேலை என்று நம்பி கம்போடியா போகிறான் என்று வையுங்கள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, போனில் ஆட்களை ஏமாற்றச் சொல்கிறார்கள். மறுத்தால் அடி, சோறு கிடையாது.

இங்கிலாந்தின் 2015ஆம் வருஷ நவீன அடிமைமுறைச் சட்டம், பிரிவு 45, இப்படி அடிமைப்பட்டு வேறு வழியில்லாமல் செய்தவனை விட்டுவிடும் (கொலை மாதிரி பெருங்குற்றம் என்றால் செல்லாது). 18 வயதுக்குக் கீழே என்றால் கட்டாயப்படுத்தினார்கள் என்று காட்டக்கூடத் தேவையில்லை.

நம்மிடம்? பாரதிய நியாய சன்ஹிதா (நம் குற்றவியல் சட்டம்) பிரிவு 143 கடத்தியவனைப் பிடிக்கும், பையனின் சம்மதத்தைக் கணக்கிலேயே எடுக்காது, அதுவரை சரி. அவன் செய்த மோசடிக்கோ பிரிவு 32தான் துணை: உடனே உயிர் போகும் என்ற பயம் இருந்திருக்க வேண்டும். பட்டினி அதில் அடங்குமா? எழுத்துப்படி கஷ்டம்தான். எனக்கு 45தான் நியாயமாகப் படுகிறது.