முழுக் கறி உணவா, பேலியோவா, வீட்டுச் சாப்பாடா? செட்டிநாட்டு நடைமுறையில் ஓர் ஒப்பீட்டு அலசல்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் சோற்றைக் குறைத்துக் கறியைக் கூட்ட நினைப்பவர் முன்னால் இன்று மூன்று வழிகள் இருக்கின்றன. கறி, மீன், முட்டை, உப்பு, தண்ணீர் தவிர வேறு எதையும் தொடாத முழுக் கறி உணவு முதலாவது. கறியையும் முட்டையையும் முதன்மையாக வைத்துக்கொண்டு, மசாலா, நெய், மாவுச்சத்துக் குறைந்த காய்கள் ஆகியவற்றை அனுமதிக்கும், தமிழ்நாட்டில் வழங்கும் பேலியோ இரண்டாவது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் கறியும் மற்ற நாட்களில் சைவமும் என்ற பழைய வீட்டு முறையையே வைத்துக்கொண்டு, சோற்றின் அளவை மட்டும் குறைப்பது மூன்றாவது. எது எடையைக் குறைக்கும் என்பதைவிட, எது இந்த ஊர் வாழ்க்கையில் ஆறு மாதமாவது நிலைக்கும் என்பதே இங்கு நான் எடுத்துக்கொண்ட கேள்வி.

முதல் வழியைத் தொடங்குபவர்கள் அதைக் கைவிடுவதற்கு நாக்கின் ஆசையே காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. என் கணிப்பில் அதைவிடப் பெரிய காரணம் ஆட்டுக்கறியில் இருக்கிறது. இந்த உணவுமுறை பரவிய அமெரிக்காவில், அதைப் பின்பற்றுபவர்களில் பலரின் தட்டில் இருப்பது, தானியம் தின்று கொழுத்த மாட்டின், இழைக்கு இழை கொழுப்பு ஓடிய இறைச்சி. செம்மண் பொட்டலில் கருவேலங்காயும் காய்ந்த புல்லும் மேய்ந்து திரியும் நம் வெள்ளாட்டின் கறியோ மெலிந்தது. கொழுப்பு நீக்கிய வெள்ளாட்டுக் கறி 100 கிராமில் ஏறத்தாழ 20 கிராம் புரதமும் 110 கலோரியும்தான் உண்டு. நாளொன்றுக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவர் அந்தக் கறியை மட்டும் நம்பினால் கிட்டத்தட்ட இரண்டு கிலோ தின்ன வேண்டும். அதில் 360 கிராமுக்கு மேல் புரதம் உள்ளே போகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வகுத்த அளவின்படி 60 கிலோ எடையுள்ளவருக்குப் போதுமானது சுமார் 50 கிராம் புரதமே. அத்தனை புரதத்தையும் எரித்து யூரியாவாக மாற்றும் திறன் ஈரலுக்குக் கிடையாது.

இது வெறும் கணக்கு மட்டும் அன்று. வட துருவப் பகுதியில் இனுயிட் மக்களோடு வாழ்ந்து திரும்பிய வில்யால்மர் ஸ்டெஃபான்சன் என்ற ஆய்வுப் பயணி, 1928-இல் நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் மருத்துவர்களின் கண்காணிப்பில் தம் தோழர் ஆண்டர்சனுடன் ஓராண்டு காலத்துக்கு இறைச்சி மட்டுமே உண்ணத் தொடங்கினார். சோதனைக்காகத் தொடக்கத்தில் அவருக்குக் கொழுப்பில்லாத கறி மட்டும் தரப்பட்டபோது, இரண்டு மூன்று நாளிலேயே குமட்டலும் வயிற்றுப்போக்கும் வந்தன; கொழுப்பைச் சேர்த்ததும் அவை நின்றன. மொத்தச் சோதனையிலும் அவர்கள் பெற்ற கலோரியில் முக்கால் பங்குக்கு மேல் கொழுப்பிலிருந்தே வந்தது. அவர்கள் தசைக்கறியோடு ஈரல், சிறுநீரகம், மூளை, எலும்பு மஜ்ஜை ஆகியவற்றையும் தின்றார்கள் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆகவே முழுக் கறி உணவு என்பது நடைமுறையில் முழுக் கொழுப்பு உணவே. கறிக்கடையில் நின்று "கொழுப்பில்லாமல் போடுங்கள்" என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது தலைகீழ்ப் பாடம்.

அந்தக் கொழுப்பை இங்கு எங்கிருந்து எடுப்பது? கறிக்கடையில் ஒதுக்கிப் போடும் கொழுப்பைத் தனியே கேட்டு வாங்கி, சிறு துண்டுகளாக நறுக்கி, கொஞ்சம் தண்ணீர் விட்டு மெல்லிய தீயில் உருக்கி வடித்து வைத்துக்கொள்ளலாம். பால்பொருளை அனுமதிப்பவர்களுக்கு நெய் இருக்கிறது. பிராய்லர் கோழியைத் தோலோடு வாங்கலாம். தொண்டிப் பக்கமிருந்து வரும் மத்தியும் காணாங்கெளுத்தியும் விலை மலிந்தவை, கொழுப்பு நிறைந்தவை. வஞ்சிரத்துக்கு வரிசையில் நிற்பவர்கள் அவற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது வாங்குகிறவருக்கு நல்லதே. 400 கிராம் கறி, எட்டு முட்டை, 60 கிராம் நெய், 50 கிராம் உருக்கிய ஆட்டுக்கொழுப்பு என்று வைத்தால் ஏறத்தாழ 2000 கலோரி நிறைந்துவிடும். புரதமும் 130 கிராம் அளவில் நிற்கும். ஆனால் ஆட்டுக்கறியைக் கிலோ 800 ரூபாய் என்று குறைத்துப் பிடித்தாலும், ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 ரூபாய்க்கு மேல், மாதத்துக்கு 12,000 ரூபாய்க்கு மேல் ஆகும். நால்வர் குடும்பத்தில் ஒருவர் மட்டும் இந்தத் தொகையைத் தட்டில் வைத்துக்கொண்டு உட்கார்வது பொருளாதாரச் சிக்கலாக மட்டும் நின்றுவிடாது. பேலியோவில் முட்டை, கோழி, பனீர், தேங்காய் என்று பங்கிட்டு, ஆட்டுக்கறியை வாரம் ஒருமுறைக்குக் கொண்டுவந்தால் செலவு பாதிக்குக் கீழே இறங்கும். மூன்றாவது வழிக்குக் கூடுதல் செலவே இல்லை என்று சொல்லலாம்.

அடுத்தது மசாலா. சோம்பு, மிளகு, சீரகம், கல்பாசி, மராத்தி மொக்கு, அன்னாசிப்பூ, சின்ன வெங்காயம், வரமிளகாய் ஆகியவை இல்லாமல் செட்டிநாட்டுக் கறி ஏது? முழுக் கறி உணவின் கண்டிப்பான விதியில் இவை அனைத்தும் தாவரம் என்பதால் விலக்கு. (கல்பாசி உண்மையில் பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் லைக்கன் வகை, அதைத் தாவரம் என்று விலக்க முடியாது. ஆயினும் கல்பாசியை மட்டும் போட்டுக் குழம்பு வைத்து ஒருவருக்கும் பயனில்லை.) மிஞ்சுவது உப்பிட்டு வேகவைத்த கறியும் கொழுப்பில் வறுத்த கறியும்தான். உப்பும் மிளகாயும் சின்ன வெங்காயமுமே போதும் என்று நிற்கும் உப்புக்கறி இந்தக் கண்டிப்புக்கு மிக அருகில் வரும் வீட்டுப் பண்டம். மிளகாயையும் வெங்காயத்தையும் எடுத்துவிட்டால் அதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. பேலியோ இந்த இடத்தில் வெகுவாக முந்துகிறது. ஒரு பங்குக் கறிக்குச் சேரும் மசாலாத் தூளில் மாவுச்சத்து சில கிராமே என்பதால், வீட்டு அம்மியில் அரைத்த மசாலாவை விலக்க அங்கே காரணமே இல்லை. கவனம் தேவைப்படுவது உணவகங்களில்தான். குழம்பைக் கெட்டியாக்கப் பொட்டுக்கடலையும் முந்திரியும் அரைத்துவிடுவார்கள். பொரித்த கோழியில் சோளமாவு ஒட்டியிருக்கும்.

உணவக விளம்பரப் பலகைகளைப் பார்த்துவிட்டு, செட்டிநாட்டில் தினமும் கறி வேகும் என்று வெளியூரார் எண்ணிக்கொள்கிறார்கள். நகரத்தார் வீடுகளின் கல்யாணப் பந்தி சைவம். அன்றாடச் சமையலிலும் மண்டியும் கூட்டும் துவட்டலும்தான் மிகுதி. செவ்வாயும் வெள்ளியும் பெரும்பாலான வீடுகளில் கறி ஏறாது. அமாவாசை, கார்த்திகை, சஷ்டி என்று மாதத்தில் மேலும் சில நாட்கள் கழியும். புரட்டாசி முழுவதும் அடுப்படியில் முட்டையைக்கூட உடைக்காத வீடுகள் உண்டு. தைப்பூசத்துக்குக் காவடியோடு பழனிக்கு நடப்பவர் விரதத்தில் இருப்பார். திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தோராம் நாள் வரும் பிள்ளையார் நோன்பில், 21 நூலிழைகளைத் திரியாக்கி வெல்லம் சேர்த்த அரிசி மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் இட்டுக்கொள்ளும் இழையை "எனக்கு மாவுச்சத்து ஆகாது" என்று மறுக்கும் துணிவு எந்த வீட்டு மருமகனுக்கு வரும்? இஸ்லாமியக் குடும்பங்களுக்கும் கிறித்தவக் குடும்பங்களுக்கும் இந்த அளவுக்கு நாட்காட்டித் தடை இல்லை என்பதால், முதல் வழி அவர்களுக்கு ஓரளவு எளிது. மற்றவர்களைப் பொறுத்தவரை மாதத்தில் பத்து நாளாவது கறி இல்லாமல் கழியும். அந்த நாட்களில் முழுக் கறி உணவுக்காரர் பட்டினி கிடக்க வேண்டும், அல்லது பாலும் வெண்ணெயும் கொண்டு ஒப்பேற்ற வேண்டும். ஒரு நாள் சோறு தின்று மறுநாள் கறிக்குத் திரும்பினால், கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோனை உடல் எரிபொருளாக்கிப் பழகும் முன்பே பழையபடி சர்க்கரைக்குத் திரும்பிவிடும். முதல் வாரத் தலைவலியும் சோர்வும் மாதம் முழுவதும் தொடர்வதற்கு இதுவே காரணம். பேலியோவில் இருப்பவர் வெள்ளிக்கிழமை பனீர், தேங்காய், கீரை, வெண்டைக்காய் என்று கடந்துவிடுவார். மண்டி மட்டும் அரிசி களைந்த கழனித் தண்ணீரில் வைப்பது என்பதால் அளவு பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் வாரத்தைப் பற்றி இன்னும் ஒன்று. மாவுச்சத்தை நிறுத்தியதும் உடலில் சேமித்திருந்த கிளைகோஜன் என்ற மாவுச்சத்து கரைகிறது; அதன் ஒவ்வொரு கிராமோடும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீர் வெளியேறுகிறது. ஐந்து நாளில் இரண்டு கிலோ இறங்கியது என்ற மகிழ்ச்சியில் பெரும்பகுதி இந்தத் தண்ணீரே. கூடவே உப்பும் போகும். சித்திரை வெயிலில் வேர்த்துக்கொண்டு இதைத் தொடங்குபவருக்குக் கெண்டைக்கால் பிடிப்பும் மயக்கமும் வருவதில் வியப்பில்லை. நெஞ்செலும்புச் சாற்றில் உப்பிட்டு இருவேளை குடிப்பது உதவும். இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர் மருத்துவரைக் கேட்காமல் உப்பைக் கூட்டக் கூடாது.

மதிய உணவை டப்பாவில் கொண்டுபோகிறவர்களின் சிக்கல் வேறு. ஆட்டுக்கொழுப்பு ஆறியதும் உறைந்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சூடாக்க வழியில்லாத அலுவலகத்தில் அவித்த முட்டையும் கோழி வறுவலுமே ஏற்றவை. பயணத்துக்கு உப்புக்கண்டம் உண்டு: கறியை நீளமாக அரிந்து, உப்பும் மஞ்சளும் மிளகாயும் பூசி, நூலில் கோத்து வெயிலில் காயவைத்து, தேவைப்படும்போது வறுத்துக்கொள்வது. கண்டிப்பான முறையினர் உப்பு மட்டும் போட்டுச் செய்துகொள்ளலாம். ஆயினும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2015-இல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்தபோது, உப்பிட்டுப் பதப்படுத்துவதையும் அந்த வரையறைக்குள் வைத்தது. நாளொன்றுக்கு 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி உண்பது பெருங்குடல் புற்றுநோய் ஆபத்தை 18 விழுக்காடு கூட்டுகிறது என்பது அதன் கணிப்பு. ஆகவே பாட்டி வீட்டுப் பண்டம் என்பதாலேயே உப்புக்கண்டத்தை அன்றாட உணவாக்குவது சரியாகாது.

வீட்டில் சமைப்பவரின் நிலையை உணவுமுறைப் பேச்சுகளில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. முதல் வழியில் ஒருவருக்கென்று தனி அடுப்பு, தனிச் சட்டி. காலையில் மற்றவர்களுக்கு வெள்ளைப் பணியாரமோ இடியாப்பமோ வேக, இவருக்குக் கறி வேக வேண்டும். தாமே சமைத்துக்கொள்ளாத ஆண்கள் இந்த வழியைத் தேர்வது அநியாயம் என்றே கருதுகிறேன். பேலியோவில் குழம்பும் வறுவலும் பொது. இவர் சோற்றை மட்டும் தள்ளிவைத்தால் போதும்.

இனி உடல்நலச் சான்று. முழுக் கறி உணவு பற்றிய நீண்டகால ஒப்பீட்டுச் சோதனைகள் இல்லை. 2021-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆறு மாதத்துக்கு மேல் இப்படி உண்டதாகச் சொன்ன 2029 பேரிடம் கேட்டபோது பெரும்பாலோர் நிறைவாகவே பதில் சொன்னார்கள். ஆனால் இரத்தப் பரிசோதனை முடிவுகளைத் தந்தவர்களிடையே, கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் கொழுப்பின் நடுமதிப்பு 172 ஆக இருந்தது. நூறுக்குக் கீழே இருப்பது நல்லது என்று மருத்துவர்கள் சொல்லும் அளவு அது. மேலும், அந்த முறையில் நீடித்தவர்கள்தாம் அங்கே பதில் சொன்னார்கள். விட்டுப் போனவர்களின் குரல் அதில் இல்லை. பேலியோவிலும் சிலருக்கு எல்டிஎல் ஏறத்தான் செய்கிறது. கீரையும் காயும் நார்ச்சத்துத் தருவதால் மலச்சிக்கல் குறைவு என்பது அதன் நடைமுறை ஆதாயம். எந்த வழியானாலும் ஈரலை வாரத்துக்கு ஒருமுறையோடு நிறுத்த வேண்டும். வைட்டமின் ஏ அதில் மிகுதி என்பதால், கர்ப்பிணிகள் அதையும் மருத்துவரிடம் கேட்டே உண்ண வேண்டும்.

மூன்றாவது வழியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அது மெதுவாகத்தான் பலன் தரும். யாரும் அதைச் சாதனையாகச் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். சோற்றைப் பாதியாக்கி, முட்டையைக் கூட்டி, கந்தரப்பத்தையும் கவுனி அரிசியையும் விசேஷ நாளுக்கு ஒதுக்கினால் அதற்குமேல் விதி கிடையாது. அறுபதைத் தாண்டியவர்களுக்கும் பல மாத்திரைகளில் இருப்பவர்களுக்கும் இதையே பரிந்துரைப்பேன்.

சர்க்கரையையோ எடையையோ விரைவாகக் குறைக்க வேண்டிய நடுவயதினருக்கு என் தேர்வு பேலியோ. முழுக் கறி உணவைத்தான் முயல்வேன் என்று பிடிவாதமாக இருப்பவர், நோன்பும் திருவிழாவும் குறைந்த ஒரு மாதத்தைத் தேர்ந்து, தொடக்கத்திலும் முடிவிலும் கொழுப்பு, யூரிக் அமிலம், கிரியாட்டினின் ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொண்டு, அந்த ஒரு மாதத்தோடு பேலியோவுக்கு மாறிக்கொள்வது தகும். சிறுநீரகக் கோளாறோ யூரிக் அமிலத்தால் வரும் கீல்வாதமோ உள்ளவர்கள் அந்த ஒரு மாதத்தையும் தவிர்க்க வேண்டும். இன்சுலின் போடுபவர்களுக்குத் தாழ்சர்க்கரை ஆபத்து உண்டு. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை நோய் மாத்திரைகளை எடுப்பவர்களுக்கோ சர்க்கரை இயல்பாகக் காட்டும்போதே இரத்தம் அமிலமாகும் ஆபத்து உண்டு. ஆதலால் இவர்கள் மருத்துவரைப் பார்த்து மருந்தையோ அதன் அளவையோ மாற்றிக்கொண்ட பிறகே, பேலியோவாக இருந்தாலும், சோற்றைக் குறைக்கத் தொடங்க வேண்டும்.