ஷானும் எங்கள் வீட்டுப் பட்டியும்: வருடக்கணக்காகப் பார்த்ததில் தெரிந்தது

'ஷான் தி ஷீப்' தொடரை எங்கள் வீட்டில் வருடக்கணக்காகப் பார்த்துவருகிறோம். மூத்தவள் பள்ளிக்கூடம் சேர்வதற்கு முன்பு டிவிடியில் தொடங்கியது. இப்போது அவள் கல்லூரிக்குப் போகிறாள். கடைக்குட்டி அதே பகுதிகளைக் கைப்பேசியில் பார்த்துச் சிரிக்கிறான். நடுவில் எத்தனையோ கார்ட்டூன்கள் வந்தன. பெரும்பாலானவை ஒரு கோடை விடுமுறை தாண்டுவதற்குள் அலுத்துப்போயின. வாடிப்பட்டிப் பக்கம் முன்னால் தவிடு, புண்ணாக்குக் கடை, அதற்குப் பின்னால் வீடு, அதற்கும் பின்னால் ஆட்டுப் பட்டி என்று வாழ்கிறவன் எழுதும் விமர்சனம் இது. ஆட்டைப் படத்தில் மட்டும் பார்த்தவர்களுக்கு நான் சொல்வதில் பாதி வேறு மாதிரிப் படலாம்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்து ஆர்ட்மன் நிறுவனத்தின் படைப்பு இது. 1995-இல் வந்த 'எ க்ளோஸ் ஷேவ்' குறும்படத்தில் ஷான் என்ற செம்மறி ஆடு முதலில் தலைகாட்டியது. 2007-இல் தனித் தொடரானது. ஒரு பகுதி ஏழு நிமிடம்; முதல் ஐந்து பருவங்களில் மட்டும் 150 பகுதிகள். மோஸி பாட்டம் என்று ஒரு பண்ணை, கிட்டத்தில் நடப்பதுகூடத் தெரியாத கண்ணாடிக்காரப் பண்ணைக்காரர், பிட்ஸர் என்ற காவல் நாய், ஒரு செம்மறி மந்தை. அவர் பார்க்கும்வரை நாலு காலில் புல் மேயும் ஆடுகள், அவர் முதுகைக் காட்டியதும் இரண்டு காலில் எழுந்துகொள்ளும். முதல் பகுதியில் முட்டைக்கோஸை உதைத்துக் கால்பந்து ஆடும். இன்னொன்றில் மனித வேடம் போட்டு ஊருக்குள் பீட்சா வாங்கப் போகும்.

இதில் யாரும் பேசுவதில்லை. ஆடு கத்தும், நாய் குரைக்கும், பண்ணைக்காரர் வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பார், அவ்வளவுதான். இத்தனை வருடம் தாக்குப்பிடித்ததற்கு முதல் காரணமாக இதைத்தான் சொல்வேன். தமிழில் குரல் கொடுத்த கார்ட்டூன்களில் பல, குரலால்தான் எங்களுக்குச் சீக்கிரம் சலித்தன. ஒரே கீச்சுக் குரல் சமையலறை வரை துரத்தும். ஷானைச் சத்தத்தைக் குறைத்துவைத்தும் பார்க்கலாம். காது மந்தமான என் மாமனாரும், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத கடைக்குட்டியும் ஒரே நொடியில் சிரிக்கும் வேறு நிகழ்ச்சி எதையும் நான் பார்த்ததில்லை.

மாமனாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வாலிபத்தில் செம்மறி மேய்த்தவர். அறுவடை முடிந்த வயல்களில் எருவுக்காகக் கிடை அமர்த்தி, ஊர் ஊராக நடந்தவர். அவருடைய முதல் சந்தேகம், "இந்த ஆட்டுக்கு உடம்பெல்லாம் என்ன பஞ்சு மூட்டை?" என்பதுதான். நியாயமான கேள்வி. மதுரையைச் சுற்றி நாம் பார்க்கும் செம்மறிக்குக் கம்பளி கிடையாது, குட்டை முடிதான். எங்கள் வட்டாரத்துக் கச்சைக்கட்டிக் கருப்பு ஆட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: எண்ணெய் தேய்த்ததுபோல் மின்னும், கத்தரிக்க எதுவும் இருக்காது. அதனால் ஷிர்லி என்ற பெருத்த ஆட்டை வைத்து வரும் நகைச்சுவை அவருக்கு ஆரம்பத்தில் பிடிபடவில்லை. அதன் கம்பளிக்குள் காணாமல் போன சாமானெல்லாம் கிடக்கும். கையை விட்டால் எது வேண்டுமானாலும் வெளியே வரும். வருடா வருடம் கம்பளி கத்தரிக்கும் கதையைச் சொன்ன பிறகுதான் சிரித்தார். இப்போது ஷிர்லி வந்தாலே, "அந்தப் பெட்டிக்கடை வந்துவிட்டது" என்கிறார்.

ஆனால் மந்தையின் குணத்தில் அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அவர்தான் எங்களுக்கு விளக்கினார். ஷான் எதைச் செய்தாலும் மற்றவை வரிசைகட்டி அதையே செய்யும். குழந்தைகளுக்கு அது வேடிக்கை, மாமனாருக்கு அது நடைமுறை. முன்னால் போகும் ஆடு ஒரு கம்பைத் தாண்டிக் குதித்தால், கம்பை எடுத்துவிட்ட பிறகும் பின்னால் வருபவை அதே இடத்தில் குதித்துவிட்டுத்தான் போகும் என்றார். பிட்ஸர் அட்டையும் பேனாவுமாக நின்று ஆடுகளைக் குறித்துக்கொள்வதைப் பார்த்தால் மட்டும் அவருக்குப் பொறுக்காது. படல் வாயை ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் திறந்து, இரண்டிரண்டாக விட்டு எண்ண வேண்டுமாம். "நாயிடம் கணக்கைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறவன் என்ன ஆட்டுக்காரன்?" என்று பண்ணைக்காரரை ஒவ்வொரு முறையும் வைகிறார். வைதுகொண்டே அடுத்த பகுதியைப் போடச் சொல்கிறார்.

மந்தையை விட்டுத் தள்ளி ஒரு வெள்ளாடும் தொடரில் உண்டு. மோவர் மவுத் என்று பெயர். கண்ணில் பட்டதையெல்லாம் தின்னும். செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இவ்வளவு சரியாகப் பிடித்தவர்கள் எங்கோ ஒரு பட்டியில் சில நாள் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். எங்கள் வெள்ளாடு ஒருமுறை கொடியில் காய்ந்த துண்டை முடித்துவிட்டு, திண்ணைக்கு வந்து டிவிடி உறையின் அட்டைப்படத்தை மெல்லத் தொடங்கியது. மேலே இருந்த பெயர் போயிற்று, பிட்ஸரின் தொப்பி போயிற்று. மகள் ஓடிவந்து இழுத்தபோது மிஞ்சியது ஷானின் முகம் மட்டும். அந்த உறையை இன்னும் வைத்திருக்கிறோம். வட்டுத்தான் கீறல் விழுந்து ஓடாமல் போய்விட்டது.

மற்றவற்றோடு ஒப்பிடாமல் விமர்சனம் முடியாது. 1940-இல் தொடங்கிய டாம் அண்ட் ஜெர்ரி ஏழு ஆஸ்கர் வாங்கியது. அதன் அருமையில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் அதைப் பார்த்த வாரங்களில் எங்கள் வீட்டுப் பூனைக்கு நிம்மதி இல்லை. கடைக்குட்டி விளக்குமாற்றோடு துரத்திக்கொண்டே இருந்தான். ஷானைப் பார்த்த பிறகு அவன் செய்த அதிகபட்சக் குற்றம், ஆட்டுக்குட்டிக்குப் பாட்டியின் மூக்குக்கண்ணாடியை மாட்டியது. இன்னொன்று, 1988 முதல் 1994 வரை அமெரிக்காவில் வந்த 'கார்ஃபீல்டு அண்ட் ஃபிரெண்ட்ஸ்'. தின்பதும் தூங்குவதுமான ஆரஞ்சுப் பூனையின் கதைக்கு நடுவே ஒரு பண்ணைக் கதையும் வரும். அதில் வேட் என்று ஒரு வாத்து, எதைக் கண்டாலும் பயம். இடுப்பில் மிதவை வளையம் மாட்டியிருக்கும். வளையத்தின் முனையில் இருக்கும் சின்ன வாத்துத் தலையும் அதன் முகம் போகிற போக்கெல்லாம் மாறும். அந்த வளையத்தைக் கவனித்தாலே போதும், அவ்வளவு சிரிப்பு. ஆனால் மீதி நகைச்சுவை பேச்சில் இருக்கிறது. மகள் ரசிக்கிறாள், மாமனார் அதைப் போட்டதும் குறட்டை விடுகிறார்.

எடுக்கும் முறையையும் சொல்ல வேண்டும். உள்ளே மூட்டுகள் வைத்த பொம்மையைத் துளித்துளியாக நகர்த்தி, ஒவ்வொரு அசைவையும் தனித்தனிப் படமாக எடுக்கிறார்கள். ஒரு விநாடிக்கு 25 படங்கள் ஓட வேண்டும். இதைக் கேட்டதும் மகள் கண்மாயிலிருந்து களிமண் எடுத்துவந்து ஓர் ஆடு பிடித்தாள். கைப்பேசியைச் செங்கல்லில் சாய்த்துவைத்து, திண்ணையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் படமெடுத்தாள். மதிய வெயிலில் மண் வெடித்து ஒரு கொம்பு விழுந்தது; நிழல் வேறு நகர்ந்துகொண்டே போனது. கடைசியில் ஓட்டிப் பார்த்தால் கண் சிமிட்டும் நேரத்தில் ஆடு திண்ணையைக் கடந்துவிடுகிறது. வெயில் மட்டும் கிழக்கிலிருந்து மேற்கே பாய்ந்து ஓடுகிறது. அதற்குப் பிறகு தொடரை நாங்கள் பார்க்கும் விதமே மாறியது. பிட்ஸர் ஒரு புருவத்தைத் தூக்கினால்கூட, "இதற்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்!" என்கிறாள்.

குறைகளும் இருக்கின்றன. அச்சு ஒன்றுதான்: ஷானுக்கு ஒரு யோசனை, அதனால் ஒரு வம்பு, பிட்ஸரின் பதற்றம், பண்ணைக்காரர் திரும்புவதற்குள் எல்லாம் பழையபடி. வரிசையாகப் பல பகுதிகளை ஓடவிட்டால் பெரியவர்களுக்கு அலுப்புத் தட்டும். மூன்று பன்றிகள் வேலிக்கு அப்பால் நின்று கெக்கலிப்பதை எத்தனை முறைதான் பார்ப்பது? சாப்பிடும் நேரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் ருசி கெடாது. ஏழு நிமிடத்தில் கடைக்குட்டியின் தட்டும் காலியாகிவிடும். டிவிடி போன பிறகு நாங்கள் பணம் கட்டிய செயலி ஒன்றில் முதல் பருவம் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்தது. மிச்சம் இருந்ததும் ஒரு பகுதி முடிந்த நொடியில் சம்பந்தமில்லாத பொம்மை விளம்பரத்துக்குத் தாவியது. குழந்தைகள் பார்க்கிறார்கள் என்றால் தானாக அடுத்தது ஓடும் வசதியை முதலில் அணைத்துவிடுங்கள்.

முழுநீளப் படங்களில் 2015-இல் வந்தது நன்றாக இருக்கிறது. தலையில் அடிபட்டு நினைவு தப்பிய பண்ணைக்காரர், ஆட்டுக்குக் கம்பளி கத்தரித்த கைப்பழக்கத்தில் நகரத்தில் பேர்போன முடிதிருத்துநர் ஆகிவிடுகிறார். எண்பத்தைந்து நிமிடம், அதிலும் வசனம் இல்லை. நகரத்துத் துரத்தல்களில் கொஞ்சம் இழுக்கிறது. பண்ணையில் நடப்பதெல்லாம் தங்கம். 2019-இல் வந்த இரண்டாவது படத்தில் வேற்றுக் கிரகத்துக் குட்டி ஒன்று வருகிறது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். எனக்கும் மாமனாருக்கும் பட்டியை விட்டு அவ்வளவு தூரம் போவது ஒட்டவில்லை. 2022 நவம்பரில் ஆர்ட்டெமிஸ்-1 விண்கலத்தில் ஷான் பொம்மை ஒன்று நிஜமாகவே நிலவைச் சுற்றப் போனது. அதைச் சொன்னபோது மாமனார் கேட்டது ஒன்றுதான்: "திரும்பி வந்ததா, மாப்பிள்ளை?" டிசம்பரில் கடலில் வந்து இறங்கியது என்றேன். "அப்படியானால் சரி" என்றார்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் பருவத்திலிருந்து பாருங்கள். யார் யார் என்று முகம் பழகிவிடும். படங்களைப் பிறகு பார்க்கலாம். கதை நீண்டு வளர வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்களுக்கு இது சரிப்படாது. கடை வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை: திருமங்கலம் சந்தைக்குப் போய்வரும் ஆட்டுக்காரர்கள் வந்து நிற்கும் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் கடைத் தொலைக்காட்சியில் இதைப் போடாதீர்கள். கூட்டம் கலையாது, ஒரு மூட்டை தவிடும் நகராது.