விட்டுவிடுவதா, நட்டு வளர்ப்பதா? புளோக்குக் கீழே ஒரு காட்டு மூலை

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் சமூகத் தோட்டத்தில், 3 மீட்டருக்கு 4 மீட்டர் மூலை ஒன்று இரண்டரை வருடத்துக்கு முன்னால் காலியானது. அங்கே மிளகாயும் பண்டானும் வளர்த்துவந்த சீனப் பெரியவர் மகள் வீட்டுக்குக் குடிபோய்விட்டார். மறுபடி காய்கறி வேண்டாம், பூச்சிக்கும் பறவைக்கும் ஒதுக்கலாம் என்பதில் தோட்டக் குழுவில் எல்லாருக்கும் சம்மதம். எப்படி ஒதுக்குவது என்றபோதுதான் இரண்டு கட்சியானோம். கை வைக்காமல் விட்டுவிடலாம், வருவது வரட்டும் என்றது ஒரு கட்சி. இந்த மண்ணுக்குரிய செடிகளை நாமே நடுவோம் என்றது இன்னொன்று. கடைசியில் குறுக்கே கயிறு கட்டிப் பாதிப் பாதியாக எடுத்துக்கொண்டோம். நான் விட்டுவிடும் கட்சி. இன்றைக்கு அப்படி இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதனால் இது நடுநிலையான ஒப்பீடு என்று யாரும் நம்பிவிட வேண்டாம்.

செலவைப் பார்த்தால் விட்டுவிடுவதற்குக் காசே வேண்டாம், நடுவதற்குக் கொஞ்சம் ஆகும். பார்வைக்கு நட்ட பாதிதான் எடுப்பு. பக்கத்து புளோக்கிலிருந்து புகார் வராது. இதெல்லாம் எவருக்கும் தெரிந்ததுதான். எங்கள் மூலையில் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு.

விட்டுவிட்டால் வேலை மிச்சம் என்றுதான் நினைத்தேன். நினைப்பில் முழுத் தப்பும் இல்லை. புலாவ் உபின் தீவில் கைவிடப்பட்ட பழைய மீன், இறால் குளங்களில் சதுப்புநிலக் காட்டை மீட்க ஒரு முயற்சி நடக்கிறது. அங்கே கன்று நடுவதைவிட முக்கியம், கடல்நீர் சரியாக ஏறி இறங்க வழி செய்வது. தண்ணீர் ஓட்டம் சரியானால் அலையே கண்டல் விதைகளைக் கொண்டுவந்து சேர்த்துவிடும்; மரங்கள் தாமாக முளைக்கும். கிளமெண்டி பக்கம் போனால், ரப்பர்த் தோட்டமாக இருந்த நிலம் கைவிடப்பட்டுக் காடாகியிருப்பதைப் பார்க்கலாம். ஆனால் அந்தக் காட்டில் ஓங்கி நிற்பது பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த அல்பீசியா மரம். முதலில் இது எனக்கு உறைக்கவில்லை.

விஷயம் இவ்வளவுதான்: விதையை யார் கொண்டுவருகிறார்கள்? உபினில் அலை கொண்டுவருகிறது. புக்கிட் தீமா ஓரத்தில் காடு பக்கத்திலேயே இருக்கிறது, பறவைகள் கொண்டுவரும். எங்கள் புளோக்குக்குக் கொண்டுவருவது காற்று, மைனா, நம் செருப்பு. விட்டுவிட்ட பாதியில் முதலில் கவ்கிராஸ் புல் பரவியது. பிறகு லாலாங் புல். அப்புறம் சூபாபுல் மரக் கன்றுகள், வரிசை கட்டி. நான்காவது மாதம் மிக்கானியா கொடி வந்தது. தென்னமெரிக்கப் பக்கத்துக் கொடி. தோதான இடத்தில் ஒரு நாளைக்கு 8, 9 சென்டிமீட்டர்கூட வளரும் என்பார்கள். வெள்ளிக்கிழமை வேலியைத் தொட்டிருந்தது, அடுத்த வெள்ளி பக்கத்துப் பாத்தியின் கத்தரிச் செடி மேல் ஏறியிருந்தது. கணு மண்ணில் பட்டால் அங்கேயே வேர் விடும். பிய்த்து எறிந்தால் எறிந்த இடத்தில் முளைக்கும். சும்மா இருப்போம் என்று விட்ட பாதிக்கு வாரம் இரண்டு மணி நேரம் குனிந்து நின்றேன்.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். கொசுவைப் பொறுக்க முடியாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு 20 காசு நாணய அளவு தேங்கிய நீர் போதும். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம். கொடி மூடிய தரையில் என்ன கிடக்கிறது என்று மேலிருந்து தெரியாது. ஒரு நாள் கொசுச் சோதனைக்கு வந்தவர் கொடியை விலக்கி, உள்ளேயிருந்து காப்பிக் கோப்பையின் பிளாஸ்டிக் மூடி ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். மூடியில் அரை ஸ்பூன் தண்ணீர், அதில் ஏழெட்டுப் புழுக்கள் துள்ளிக்கொண்டிருந்தன. மேலே மாடியிலிருந்து யாரோ போட்டது. ஆனால் மூலை என் பொறுப்பாயிற்றே. அன்று சாயங்காலமே அரிவாளை எடுத்தேன்.

நட்ட பாதியிலும் சறுக்கல் உண்டு. சிம்போ ஆயர் என்ற பெரிய இலைப் புதரை வைத்தது பிழை. மஞ்சள் பூ அழகு, பழத்துக்குப் பறவை வரும், அந்த இலையில்தான் அந்தக் காலத்தில் தெம்பே என்ற சோயாப் பண்டத்தை மடிப்பார்கள். எல்லாம் சரி, ஆனால் 6 சதுர மீட்டரில் அது அடங்காது. உதிர்ந்த பெரிய இலை கிண்ணம் போல மழைநீரைப் பிடித்துவைத்தது. மறுபடி அதே கொசுத் தொல்லை. ஒரு வருடத்தில் பிடுங்கிவிட்டோம்.

செண்டுடுக் என்ற புதர் மட்டும் சொன்னதற்குமேல் செய்தது. ஊதாப் பூ, வெடித்த பழத்தைத் தின்றால் நாக்கு கருத்துப்போகும். காலை எட்டு மணிக்குப் பெரிய தச்சுத் தேனீ ஒன்று வந்து பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிர வைக்கும். அந்த நேரம் ரீங்காரம் சட்டென்று சுருதி மாறும், மகரந்தம் அதன் வயிற்றில் கொட்டும். பக்கத்தில் உட்கார்ந்தால் காதில் கேட்கலாம். தரையோ எப்போதும் கண்ணுக்குத் தெரிகிறது. ஞாயிறு காலை இருபது நிமிடம் போதும்: உதிர்ந்ததைப் பொறுக்கு, இறுகிய மண்ணைக் கிளறு, தொட்டித் தட்டைக் கவிழ்.

அப்புறம் கறிவேப்பிலை. அது இந்த மண்ணின் செடி இல்லை, நம் ஆட்களைப் போலக் கப்பலேறி வந்தது. ஆனாலும் அதை நம்பி ஒரு வண்ணத்துப்பூச்சி இருக்கிறது; பெயரே கறிவேப்பிலை அழகி. சின்னப் புழு பார்ப்பதற்குப் பறவை எச்சம் போலவே இருக்கும், வளர்ந்ததும் பச்சையாகிவிடும். விரலால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரட்டைக் கொம்பு ஒன்றை நீட்டி ஒரு நாற்றம் விடும். இத்தனை வருடம் அதைப் பூச்சி என்று நசுக்கியிருக்கிறோம். ஆறாம் மாடி அக்காவுக்கு இன்னும் கோபம்தான். "தம்பி, புழு தின்னதுபோக மிச்சம்தான் எனக்கா?" என்பார்.

அழகு என்றாலும் வேலை என்றாலும் நடுவதற்கே என் ஓட்டு. ஆனால் என் அனுபவம் இரண்டரை வருடமும் 12 சதுர மீட்டரும்தான். புக்கிட் தீமா, மண்டாய் பக்கம் காட்டை ஒட்டி வீடும் கொஞ்சம் நிலமும் உள்ளவர் இதைக் கேட்க வேண்டியதில்லை. அவருக்கு விதை வரும், முதலில் காத்திருந்து பார்க்கலாம். இன்னொன்று, நடுவதாக இருந்தால் செடியை நர்சரியில் வாங்குங்கள். பூங்காவிலோ காட்டிலோ கிளை ஒடிப்பது சட்டப்படி குற்றம்.

விட்டுவிட்ட பாதியை முழுக்க மூடவில்லை. ஒரு சதுர மீட்டர் இன்னும் அப்படியே கிடக்கிறது. அதில் வெளிர் ஊதா மணிப்பூ பூக்கும் ஒரு களை தானாக வந்திருக்கிறது. அதன் இலையில் போன வாரம் யாரோ ஓட்டை போட்டிருக்கிறார்கள். யார் என்று இன்னும் பிடிபடவில்லை.