பிரிண்ட் பட்டனை அமுக்கும் முன் ஃபைலைத் திறந்து பார்க்கிற கடை

பத்தாம் வகுப்பு அறிவியல் ட்யூஷன் நோட்ஸ் அடிக்க மதுரையில் பல ஜெராக்ஸ் கடை ஏறி இறங்கியவள் நான். இப்போது ஒரே கடைதான். பெரியார் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சந்துக்குள் இருக்கும் சின்ன டிடிபி கடை. போர்டே கண்ணில் படாது, வேலை மட்டும் சுத்தம்.

இங்கே வந்ததே ஒரு சண்டைக்குப் பிறகுதான். முதலில் கொடுத்த கடையில் எழுத்தெல்லாம் வந்தது, இதயப் படம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை. "ஃபைல் கரப்ட் மேடம்" என்று கையை விரித்துவிட்டார்கள். பேப்பருக்குக் காசு மட்டும் சரியாக வாங்கிக்கொண்டார்கள்.

இந்தக் கடைத் தம்பி முதலில் கேட்டது, "டீச்சர், வீட்டுல பிரிண்ட் எடுத்தா படம் வருதா?" வருகிறது என்றேன். "அப்போ ஃபைல் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வேர்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், டிஸ்பிளே என்று போய் ஒரு வரியைக் காட்டினார்: 'பிரிண்ட் டிராயிங்ஸ் கிரியேட்டட் இன் வேர்ட்'. அந்தக் கட்டத்தில் டிக் இல்லாவிட்டால், வேர்டிலேயே வரைந்த படம், அம்புக்குறி, டெக்ஸ்ட் பாக்ஸ் எதுவும் தாளில் விழாது. என் படங்கள் எல்லாம் அப்படி வரைந்தவைதான். பிரிண்ட் சீக்கிரம் வரட்டும் என்று சிலர் அந்த டிக்கை எடுத்துவிடுவார்களாம். அது அந்தந்த கம்ப்யூட்டரில் இருக்கிற செட்டிங், ஃபைலோடு கூட வராது. அதனால்தான் வீட்டில் வந்த படம் அங்கே வரவில்லை.

நரம்பு செல் படம் வேறு கதை. அடியில் ஒரு கீற்று மட்டும் தெரிந்தது. வரி இடைவெளி 'எக்ஸாக்ட்லி' என்று இருந்ததால் வரியின் உயரத்துக்கு மேலே இருந்தது வெட்டுப்பட்டிருக்கிறது. 'சிங்கிள்' என்று மாற்றியதும் முழுசாக வந்துவிட்டது.

ஆனால் நான் அசந்துபோனது அதற்கப்புறம். கறுப்பு வெள்ளையில் ஒரு பக்கம் எடுத்துப் பார்த்துவிட்டு, "டீச்சர், சிவப்பும் நீலமும் ஒரே சாம்பலா வருது. எது தமனி, எது சிரைன்னு பிள்ளைங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். உண்மைதான், மகாதமனியும் பெருஞ்சிரையும் ஒரே நிறத்தில் படுத்திருந்தன. அந்த ஒரு பக்கத்தை மட்டும் கலரில் எடுத்து நடுவில் செருகித் தந்தார். எல்லாப் பக்கத்தையும் கலரில் தள்ளி பில்லை ஏற்றியிருக்கலாம், செய்யவில்லை.

பழைய பாமினி எழுத்துருவில் அடித்த கேள்வித்தாள் கொண்டுபோகிறவர்கள் வீட்டிலேயே பிடிஎஃப் ஆக்கிக்கொண்டு போங்கள். எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் தமிழ் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகிவிடும். வாட்ஸாப்பில் படம் அனுப்பினால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்கிறார். போட்டோவாகப் போனால் சுருங்கி, தாளில் மங்கிவிடும்.

குறை இல்லாமலா? ஸ்பைரல் பைண்டிங் சுமார்தான், ஒரு மாதத்தில் ஓரம் பிரிகிறது. நிற்க இடம் கிடையாது. சாயங்காலம் காலேஜ் பிள்ளைகள் ப்ராஜெக்ட்டோடு மொய்த்துவிடுவார்கள், தம்பியிடம் பேசக்கூட முடியாது. காலையில் கடை திறந்ததும் போய்விடுங்கள்.