செவிலி திரும்பி வரும்வரை: ஓர் ஒலிநூல் அனுபவம்

ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ ஜூலியட்' நாடகத்தின் ஆங்கில ஒலிநூல் ஒன்றை அண்மையில் கைப்பேசியில் விலை கொடுத்து வாங்கிக் கேட்டேன். இந்நாடகத்தின் எந்தப் பதிவு கையில் கிடைத்தாலும் நான் முதலில் தேடிப் போவது மாடக் காட்சியை அன்று. இரண்டாம் அங்கத்தின் ஐந்தாம் காட்சியைத்தான். காதலன் ரோமியோவைச் சந்திக்கத் தூது சென்ற, தன்னை வளர்த்த செவிலிக்காக, பதினான்கு வயது இன்னும் நிறையாத ஜூலியட் தவித்துக் காத்திருக்கும் சிறு காட்சி அது.

செவிலியை அனுப்பியபோது மணி ஒன்பது. அரை மணியில் வருவதாகச் சொல்லிப் போனவளை நண்பகலாகியும் காணவில்லை. ஆர்தர் புரூக் 1562இல் வெளியிட்ட நெடுங்கவிதையில் மாதக்கணக்கில் நகரும் இக்கதையை ஷேக்ஸ்பியர் சில நாள்களுக்குள் அடக்கிவிட்டதால், அந்த மூன்று மணி நேரம் உண்மையிலேயே பெரிய பொழுதாகிவிடுகிறது. காதலுக்குத் தூது போகத் தக்கவை கதிரொளியைவிடப் பத்து மடங்கு விரையும் எண்ணங்களே என்று பொருமும் ஜூலியட், வயதானவர்கள் ஈயம்போல் கனத்து, வெளிறி, செத்தவர்கள்போல் நடமாடுகிறார்கள் என்று ஏசுகிறாள். குரல் கொடுத்த நடிகை இவ்வரிகளைச் செய்யுளாக ஓதாமல், தனக்குத்தானே முணுமுணுப்பவளாகத் தொடங்கி, "ஒன்பதிலிருந்து பன்னிரண்டு" என்னும் இடத்தில் விரல்விட்டு எண்ணும் சிறுமியாகிவிடுகிறார்.

செவிலி வந்த பிறகுதான் வேடிக்கை. முக்காலி கிறீச்சிடுகிறது, பெருமூச்சு கேட்கிறது, எலும்பெல்லாம் வலிக்கிறதாம். மூச்சு வாங்குகிறது என்று சொல்வதற்கு மட்டும் மூச்சு இருக்கிறதா என்று ஜூலியட் மடக்குகிறாள். ஒருவழியாக, உன் காதலர் சொல்கிறார் என்று தொடங்கும் செவிலி, பாதியில் நிறுத்தி, "உன் அம்மா எங்கே?" என்கிறாள். அந்தக் கேள்விக்கு முன் நான்கு விநாடி மௌனம். உரைகளை ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்டுப் பழகிய நான் இக்காட்சியையும் அவ்வாறே ஓடவிட்டிருந்தேன். மௌனம் கரைந்து, செவிலி சுறுசுறுப்பான பெண்மணியாகிவிட்டாள். இயல்பான வேகத்திற்கு மாற்றி மீண்டும் கேட்டபோதுதான் எனக்கே எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலுக்காகத்தானே காசு கொடுத்தோம்!

மூன்றாம் அங்கத்தில் பதிவு சறுக்குகிறது. அங்கும் அதே இருவர், அதே இழுத்தடிப்பு; ஆனால் செவிலி, இறந்தவன் ஜூலியட்டின் உறவினன் டைபால்ட் என்று சொல்லாமல் "இறந்துவிட்டான்" என்றே புலம்புவதால், ஜூலியட் மாண்டவன் ரோமியோ என்று எண்ணித் துடிக்கிறாள். முன்பு சிரிக்க வைத்த தாமதம் இங்கே கத்தியாக மாற வேண்டும். செவிலி வாய் திறக்கும் முன்பே சோக இசையை வழியவிட்டு அந்த அதிர்ச்சியைக் கெடுத்திருக்கிறார்கள்.

என் பெரிய குறை வேறு. முழு நாடகம் என்று விளம்பரப்படுத்திவிட்டு, ஐந்தாம் அங்கத்தின் இரண்டாம் காட்சியை நீக்கியிருக்கிறார்கள். கொள்ளைநோய் அச்சத்தால் ஒரு வீட்டுக்குள் பூட்டி வைக்கப்பட்ட துறவி ஜான், மாந்துவா நகரிலுள்ள ரோமியோவுக்குரிய கடிதத்தைக் கொண்டு சேர்க்க இயலாமல் திரும்பும் காட்சி அது. ஜூலியட் இறந்தாள் என்னும் பொய்ச் செய்தி ரோமியோவிடம் முந்திச் சென்றுவிட, அவள் மருந்தால் உறங்குகிறாள் என்னும் உண்மையைச் சொல்லும் கடிதம் வழியிலேயே நின்றுபோன காரணத்தை இப்பதிவை மட்டும் கேட்பவர் எப்படி அறிவார்? நிறுவனத்திற்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். மூன்று வாரமாகியும் பதில் வரவில்லை.