பிரெயின் எனர்ஜி புக் ரிவ்யூ: மனநோய்க்கு மாத்திரை சாப்பிடறவங்க வீட்ல இருக்கறவங்க படிங்க

எங்க அண்ணனுக்கு ஸ்கிஸோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்), 11 வருஷமா ஓலன்ஸபின் மாத்திரை ஓடிட்டிருக்கு. காதுல குரல் கேக்கறது குறைஞ்சுச்சு, தூக்கம் வந்துச்சு, அந்த மாத்திரை இல்லன்னா எங்க வீடு என்ன ஆயிருக்கும்னே தெரியல. ஆனா ரெண்டு வருஷத்துல 62 கிலோல இருந்தவர் 90ஐத் தாண்டிட்டாரு, பின்னாடியே சுகர். ஒரு கிளினிக்ல கேட்டா "வாயக் கட்டச் சொல்லுங்க"ன்னு ஒரே வரில முடிச்சிட்டாங்க. அது சாதாரணப் பசி இல்லைங்க, அந்த மாத்திரை கிளப்பற பசி, ராத்திரி 2 மணிக்கு எழுந்து சோத்துப் பானைய வழிச்சு சாப்பிடுவாரு, பாத்துட்டு நிக்கறத தவிர ஒண்ணும் பண்ண முடியாது.

அதனாலதான் கிறிஸ்டோபர் பாமர் எழுதின இந்த புக்க வாங்கினேன், 2022ல வந்தது. அவர் ஹார்வர்டு மெடிக்கல் ஸ்கூல் மனநல டாக்டர், மாசசூசெட்ஸ்ல மெக்லீன் ஹாஸ்பிடல்ல இருக்காரு. மனநோய்ங்கறது மூளையோட மெட்டபாலிசம், அதாவது சாப்பாட்ட சக்தியா மாத்திப் பயன்படுத்தற வேலை, கெட்டுப்போறதால வர்றது, அதுக்கு நடுவுல இருக்கறது செல்லுக்குள்ள சக்தி தயாரிக்கற மைட்டோகாண்ட்ரியா, இதுதான் அவர் வாதம். உடம்பு எடைல மூளை 2 சதவீதம்தான், ஆனா உடம்பு செலவழிக்கிற சக்தில 20 சதவீதம் அதுக்கே போகுது, அப்போ அந்த சப்ளைல கோளாறு வந்தா முதல்ல அடி வாங்கறது மனசுதானேன்னு கேக்கறாரு.

2016ல பாமர்கிட்ட டாம்னு ஒரு பேஷன்ட், ஸ்கிஸோஅஃபெக்டிவ் டிஸ்ஆர்டர் (ஸ்கிஸோஃப்ரினியா அறிகுறியோட மனநிலைக் கோளாறும் சேர்ந்தது), நிறைய மாத்திரை மாத்தி மாத்திப் பாத்தும் குரல் நிக்கல. எடை குறைக்கணும்னு மட்டும் கேட்டு கீட்டோ டயட் (மாவுச்சத்த ரொம்பக் குறைச்சு கொழுப்ப அதிகமா சாப்பிடறது) ஆரம்பிச்சவருக்கு ரெண்டு மாசத்துல குரலும் குறைய ஆரம்பிச்சிருக்கு. இது ஏதோ புதுசா கிளம்பின ஃபேஷன் டயட் இல்ல, 1921லயே வலிப்பு நோய்க்காக அமெரிக்காவுல மேயோ கிளினிக்ல டாக்டர் ரஸ்ஸல் வைல்டர் முன்வெச்சது, வலிப்பு மாத்திரையான வால்ப்ரோயேட்டத்தான பைபோலாருக்கும் (மனநிலை அதீத உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போற நோய்) எழுதறாங்க, அப்போ வலிப்புக்குக் கேக்கற சாப்பாட்ட இங்க ஏன் பாக்கக் கூடாதுங்கற அவர் கேள்வி எனக்கு ரொம்ப நியாயமா பட்டுச்சு.

ஒத்துக்க முடியாதது ஒண்ணு இருக்கு. எல்லா மனநோயும் மெட்டபாலிசம்தான்னு அவ்ளோ உறுதியா சொல்ற அளவுக்கு இன்னும் ஆதாரம் இல்ல. ஸ்டான்ஃபோர்டுல ஷெபானி சேத்தி 2024ல வெளியிட்ட கீட்டோ ஆய்வுல 21 பேர், 4 மாசம், நல்ல முன்னேற்றம் தெரிஞ்சுது, ஆனா ஒப்பிட்டுப் பாக்க இன்னொரு குரூப்பே கிடையாது. ஆஸ்திரேலியாவுல ஃபெலிஸ் ஜாக்கா டீம் 2017ல பண்ணதுல ஒப்பீட்டு குரூப் இருந்துச்சு, டிப்ரஷன் உள்ள 67 பேர், 12 வாரம், காய்கறி பருப்பு மீன் ஆலிவ் ஆயில்னு சாப்பிட்டவங்கள்ல சுமார் 32 சதவீதம் பேருக்கு நோய் அடங்கிச்சு, சும்மா ஆள் வெச்சுப் பேசினவங்கள்ல 8 சதவீதம். அதுவும் சின்ன ஆய்வுதான், ஆனா அந்த சாப்பாடு நம்ம வீட்ல நடக்கும், சோறு இட்லி தோசை மொத்தத்தையும் நிறுத்தற கீட்டோ எத்தனை நாள் நடக்கும் சொல்லுங்க.

புக்க படிச்சிட்டு மாத்திரைய மட்டும் நிறுத்திடாதீங்க, தயவு செஞ்சு. பாமரே டாக்டர் இல்லாம பண்ணாதீங்கன்னுதான் சொல்றாரு. சுகருக்கு இன்சுலின் போடறவங்க கீட்டோ ஆரம்பிச்சா சுகர் சடார்னு இறங்கிடும், டோஸ மாத்த டாக்டர் கூட இருக்கணும்.

டயட் புக்னு நினைச்சு வாங்கினா ஏமாந்துடுவீங்க, சாப்பாடு ஒரு பகுதிதான், தூக்கம், வெளிச்சம், நடை, ஹார்மோன், மனுஷ உறவுன்னு எல்லாம் இருக்கு. மைட்டோகாண்ட்ரியா பத்தின நடுப்பகுதி கொஞ்சம் கஷ்டம், எனக்கு ரெண்டு தடவ படிக்க வேண்டியிருந்துச்சு, முடியலன்னா கடைசிப் பகுதிக்குப் போயிடுங்க. அதுல தூக்கம் பத்தின இடத்த அண்ணனுக்கு தமிழ்ல சொல்லி சொல்லி படிச்சுக் காட்டினேன், இப்போ காலைல வெயில் ஏறறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் குளக்கரை வரைக்கும் நடக்கறோம், மூணாவது வாரம் ஓடுது. அடுத்த தடவ டாக்டர்கிட்ட போறப்ப மெட்ஃபார்மின்ங்கற சுகர் மாத்திரை பத்தி கேக்கணும்னு நோட்ல எழுதி வெச்சிருக்கேன். அஞ்சுக்கு நாலு ஸ்டார்.