மெகிதோ–ஆத்சோர் ஒருநாள் சுற்றுலா: வழிகாட்டிக்காகவே போகலாம்

மெகிதோவும் ஆத்சோரும் வட இஸ்ரேலில் உள்ள பழங்கால நகர மேடுகள். புனிதப் பயணக் குழுவோடு போனால் மெகிதோ வாசலில் "இது சாலொமோன் கட்டியது" என்று ஒரு வரியில் முடித்துவிட்டு, வேதாகமம் சொல்லும் கடைசிக்காலப் போர்க்களமான அர்மகெதோனுக்குத் தாவிவிடுவார்கள். ஹைஃபாவில் நாங்கள் தனியாக அமர்த்திய வழிகாட்டி தொல்லியல் படித்த பெண். ஆறு அறை வாசலின் முன்னால் மட்டுமே முக்கால் மணி நேரம் பேசினார். கொடுத்த காசு அதற்கே சரியாகிவிட்டது.

முதலில் 1 இராஜாக்கள் 9:15-ஐ வாசிக்கச் சொன்னார். ஆத்சோர், மெகிதோ, கேசேர் என்ற மூன்று நகரங்களையும் சாலொமோன் கட்டினான் என்கிற வசனம். ஆத்சோரைத் தோண்டிய யிகாயேல் யாதின், அங்கே கிடைத்த வாசலும் மெகிதோ வாசலும் ஒரே அமைப்பு என்று கண்டார். கேசேரில் 'மக்கபேயர் கோட்டை' என்று, அங்கே முன்பு தோண்டிய மெக்காலிஸ்டர் வரைந்து வைத்திருந்த பழைய படத்துக்குள்ளேயே அதே வாசலின் பாதி இருப்பதை 1958-ல் காட்டினார். ஆகவே மூன்றும் சாலொமோனின் காலமான கி.மு. 10ஆம் நூற்றாண்டு என்றார்.

1996-ல் இஸ்ரேல் ஃபிங்கெல்ஸ்டைன் என்ற தொல்லியலாளர் அதை மறுத்தார். மெகிதோ அரண்மனைகள் உள்ள மண் அடுக்கின் மட்பாண்டம், கி.மு. 9ஆம் நூற்றாண்டில் வட இஸ்ரேலை ஆண்ட உம்ரி ராஜாவின் வம்சத்து ஊரான யெஸ்ரயேலில் கிடைத்ததைப் போலவே இருக்கிறது. அரண்மனைக் கற்களில் உள்ள கொத்தர் குறிகள் உம்ரியின் தலைநகரான சமாரியாவிலும் உண்டு. எனவே 9ஆம் நூற்றாண்டு என்பது அவர் வாதம். அமிஹாய் மசார் என்ற இன்னொரு தொல்லியலாளரோ, அந்த மட்பாண்ட வகை ஏறக்குறைய கி.மு. 980 முதல் 830 வரை புழக்கத்தில் இருந்தது, சாலொமோனுக்கும் அதில் இடமுண்டு என்கிறார். வாசலே அரண்மனைகளுக்குப் பிந்தியது என்று தொல்லியலாளர் உசிஷ்கின் சொல்வதையும் வழிகாட்டி விட்டுவைக்கவில்லை. சண்டை ஒரு நூற்றாண்டுக்குள் அடங்குவதால் கார்பன் முறையில் வயதைக் கணிப்பதும் எளிதில் தீர்த்துவைக்காது என்று தெளிவாகப் புரியவைத்தார்.

எங்கள் சபையில் சிலருக்கு இந்தப் பேச்சு பிடிக்காது. எனக்குப் பிடித்தது. வேதாகமம் சில வசனங்களில் கடந்துபோகும் உம்ரி இவ்வளவு பெரிய கட்டடங்களை எழுப்பியிருக்கலாம் என்று நினைத்துப் பார்க்கவே பிரமிப்பாக இருந்தது.

மெகிதோவின் நீர்ச்சுரங்கத்துக்கு 183 படிகள் இறங்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் மேலேயே இருந்துவிடலாம். குறை ஒன்றுதான்: ஆத்சோருக்கு ஒரு மணி நேரமே மிஞ்சியது. அவ்வளவு பெரிய மேட்டுக்கு அது போதவே போதாது. முன்பதிவு செய்யும்போதே அங்கே கூடுதல் நேரம் வேண்டும் என்று கேட்டுவிடுங்கள்.